யாழ்ப்பாணத்தில் வில் பிடித்த கை

1975 ஆம் ஆண்டு யூலை மாதம் 5 ஆம் நாள். அமெரிக்க நாட்டிலே, நியூயோர்க் மாநகரை அடுத்து நீண்டு கிடக்கும் லோங் ஐலண்ட் தீவிலுள்ள சௌத்ஹாம்ப்ரன் கல்லூரியில் ஐந்து கலைஞர்கள் சப்பணமிட்டு அமர்ந்து ஒரு கச்சேரி செய்தார்கள். அவர்களுள் நால்வர் இந்தியர். ஐந்தாமவர் ஆங்கிலேயர், பெயர் ஜோன் மக்லொக்லின். மின்கித்தாரின் இடிமுழக்கத்துக்காக மேனாட்டு இளைஞருலகம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடிய காலம் அது. அன்று அவர் கையில் இருந்ததோ மின்சாரம் தேவைப்படாத மரக்கித்தார். அக்கச்சேரியின் ஒலிப்பதிவே மறு ஆண்டு, 1976 இல், 'சக்தி' என்னும் பெயருடன் இசைத்தட்டாக வெளிவந்தது.

ரொக் இசையின் வரலாற்றை எழுதுவோரும், ஜாஸ் இசையின் வரலாற்றை எழுதுவோரும், நமது சங்கீதத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோரும் ஒருங்கே குறிப்பிடும் தட்டுக்கள் மிகச் சில. அவற்றுள் இதுவொன்று. அது வெளிவந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றும் அது விலைபோகின்றது; இன்றும் அதைக் கேட்டுக் கித்தாரைக் கீழே வைத்துவிட்டுத் தாளம் எண்ணப் பழகுகின்ற இளைஞர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கின்றனர். ஆனால் நம்மூர் வாசகர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. அந்த மேடையிலே வயலின் பிடித்திருந்த இருபத்தைந்து வயது இளைஞர் முதன்முதல் வில்லைக் கையில் எடுத்தது நம் யாழ்ப்பாணத்திலேயாம்.

அவர் பெயர் எல். சங்கர். தந்தையார் வி. இலட்சுமிநாராயண ஐயர், யாழ்ப்பாணத்து இசைக்கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். அன்னையார் சீதாலட்சுமி பாட்டும் வீணையும் அறிந்தவர். அந்த இல்லத்திலே வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் என்னும் மூன்று ஆண்மக்களும் தந்தையிடமே வயலின் பயின்றனர்.

இலட்சுமிநாராயணரின் மனத்தில் ஓர் எண்ணம் வேரூன்றியிருந்தது. வயலின் நமது சங்கீதத்துக்கு வந்த விருந்தாளி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதரும், தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலுவும் அதனை நம் இசைக்கு ஏற்றவாறு பழக்கினர். விருந்தாளி வீட்டுக்காரனானான், ஆயினும் பாடகர் பக்கத்தில் அமர்ந்து, அவர் பாடியதைத் திருப்பிச் சொல்வதே அதன் வேலையாயிருந்தது. இந்நிலை மாறவேண்டும், வயலின் தனித்து நின்று கச்சேரி செய்யவேண்டும் என்று அவர் விரும்பினார். பாடகனுக்கு ஈடுகொடுத்தாற் போதும் என்று பழக்கப்பட்ட விரல்களால் அது ஆகாது. ஆகையால் அவர் தம் மக்களைக் கடினமாகப் பயிற்றினார். நாம் இங்கே ஒரு பாடசாலை ஆசிரியரின் வீட்டுத் திண்ணையைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதை வாசகர் மறந்துவிடலாகாது. உலக அரங்குக்குப் போகும் வழி அத்திண்ணையில் தொடங்குகின்றது என்று அன்று யார் கண்டார்!

1958 ஆம் ஆண்டு வந்தது. இலங்கைத் தீவெங்கும் தமிழர் அடிபட்ட அந்த ஆண்டின் கலவரத்தோடு அக்குடும்பம் இந்நாட்டை விட்டு நீங்கிச் சென்னைக்குப் பெயர்ந்தது. சங்கருக்கு அப்போது எட்டு வயது. கல்லூரி ஓர் ஆசிரியரை இழந்தது. இழப்பு அவ்வளவே என்றுதான் அன்று கணக்கிட்டிருப்பார்கள். பின்னாளில் மூத்தவர் எல். வைத்தியநாதன் தமிழ்த் திரைப்பட இசையமைப்பாளர் ஆனார். 'ஏழாவது மனிதன்' படத்திற் பாரதி பாடல்களுக்கு அவர் அமைத்த இசையையும், ஒரு சொல்லும் பேசாமல் ஓடிய 'பேசும் படம்' என்னும் படத்துக்கு அவர் இட்ட பின்னணியையும் கேளாதவர் குறைவு. நடுவர் எல். சுப்பிரமணியம் உலகெங்கும் தனிக் கச்சேரி செய்யும் வயலின் மேதையானார். 1990 இல் மறைந்த தந்தையின் பெயரால் அவர் 1992 இல் தொடங்கிய இசைவிழா இன்றளவும் பெயர்பெற்றது. இளையவர் சங்கர் 1969 இல் அமெரிக்கா சென்று வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் இசையாராய்ச்சி மாணவரானார்.

இனி அந்த ஆங்கிலேயர் கதைக்கு வருவோம். 1942 இல் யோர்க்‌ஷயர் மாவட்டத்து டொன்காஸ்ரர் நகரிற் பிறந்தவர் மக்லொக்லின். அவருடைய அன்னையும் வயலின் வாசிப்பவர். 1969 இல் அமெரிக்கா சென்று, ஜாஸ் உலகின் தலைமகனாகிய மைல்ஸ் டேவிஸின் தட்டுக்களில் வாசித்துப் புகழ்பெற்றார். பின்னர் 1971 இல் 'மகாவிஷ்ணு ஓர்க்கெஸ்ட்ரா' என்று தாமே ஒரு குழுவை அமைத்தார். பெயரைக் கண்டு பஜனைக் கோஷ்டி என்று எண்ணிவிடாதீர்கள்! இரட்டைக் கழுத்து மின்கித்தாரும், பெருமுரசுகளும், காதைப் பிளக்கும் ஒலிபெருக்கிகளும் கூடிய படை அது. பல்லாயிரக் கணக்கான இளைஞர் அதன் முன்னே மெய்ம்மறந்து நின்றனர். அந்தப் பெயர் அவருடைய ஆன்மிக குருவாகிய ஸ்ரீ சின்மோய் சூட்டியது.

இத்தனை புகழும் இருக்கையில் மனிதர் என்ன செய்தார் என்றால், வெஸ்லியன் பல்கலைக்கழகத்திற் போதித்துக்கொண்டிருந்த சங்கீத வித்துவான் டாக்டர் எஸ். இராமநாதனிடம் போய் வீணை கற்கத் தொடங்கினார். சரளி வரிசையிலிருந்து தொடங்கும் மாணவனுக்கு முன்னைய புகழ் ஒன்றுக்கும் உதவாது. இச்செயலை நான் பெரிதாக மதிக்கின்றேன். இந்தத் தட்டின் பெருமை முழுவதும் இச்செயலிலிருந்தே பிறந்தது என்பது என் துணிபு. 1973 அளவில் அவரும் சங்கரும் சந்தித்தனர். வடநாட்டுத் தபேலா மேதை அல்லா ரக்காவின் மைந்தர் சாகீர் உசேன், கடத்திலே தமக்கு நிகரில்லாத டி.எச். விநாயகராம், வெஸ்லியனில் மிருதங்கம் கற்பித்த இராமநாதபுரம் இராகவன் ஆகியோர் சேர்ந்தனர். ஐவராயினர்.

இங்கே ஒரு நுட்பம். இக்கூட்டத்தைக் கிழக்கும் மேற்கும் கூடியது என்று எல்லோரும் சொல்வர். அதனினும் அரிய கூட்டம் ஒன்று அதற்குள் நிகழ்ந்தது. வடநாட்டுத் தபேலாவும் தென்னாட்டு மிருதங்கமும் கடமும் ஒரே மேடையில், ஒரே உருப்படியில், ஒன்றுக்கொன்று விடைசொல்வது அந்நாளில் இந்தியாவிலேயே அருமையான காட்சி. வடக்கும் தெற்கும் தம் வீட்டில் பேசிக்கொள்ளாததை அயலான் வீட்டு முற்றத்திற் பேசிக்கொண்டன.

தட்டில் மூன்றே உருப்படிகள். முதலாவது 'ஜோய்', அதாவது மகிழ்ச்சி, பதினெட்டு நிமிடம். கித்தாரும் வயலினும் ஒரே மூச்சில், ஒரே வேகத்தில், நூலிழை பிசகாமல் ஓடும் ஓட்டத்தை முதன்முறை கேட்பவர் இருவர் வாசிக்கின்றனர் என்று நம்பமாட்டார். இரண்டாவது 'லோட்டஸ் ஃபீற்', திருவடித் தாமரை. ஐந்து நிமிடத்துக்குட்பட்ட அமைதியான சிறு உருப்படி. மூன்றாவதன் பெயர் ஒரு முழு வாக்கியம்: இது எனக்கெதற்கு, அது எனக்கெதற்கு, என் இறைவன் திருவடியில் ஆடுகின்றேன், யாவும் ஆனந்தம் என்று பொருள்படும். அது ஏறத்தாழ இருபத்தொன்பது நிமிடம். மூன்று நிமிடப் பாட்டுக்கு வானொலி பழகியிருந்த நாளில் இப்படி ஒரு தட்டை வெளியிடத் துணிந்ததே ஒரு செய்திதான்.

கித்தாரைப் பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நமது சங்கீதத்துக்குக் கமகம் உயிர். ஒரு சுரம் அசையாமல் நின்றால் அது சுரத்தானம். அசைந்து, அடுத்த சுரத்தைத் தொட்டு மீண்டால்தான் இராகம். வயலினில் மெட்டு இல்லை. விரல் வழுக்கிச் செல்லும். வீணையில் மெட்டுக்களுக்கு நடுவே பள்ளம் இருப்பதால் தந்தியை அழுத்தியும் இழுத்தும் சுரத்தை அசைக்கலாம். கித்தாரிலோ மெட்டுக்களுக்கு நடுவே மரம் தட்டையாகத் தந்தியை முட்டிக்கொண்டு நிற்கும். கித்தாரில் இராகம் வாசிப்பதாகச் சொல்லிக்கொள்வோர் பலர் இந்தத் தடையைக் கண்டும் காணாததுபோல் போய்விடுவர். மக்லொக்லின் அவ்வாறு விடவில்லை. கித்தார் செய்யும் கைவினைஞரான ஏப்ரகாம் வெக்ரரைக் கொண்டு ஒரு புதுக் கித்தார் செய்வித்தார். மெட்டுக்களின் இடையிலுள்ள மரம் வீணையைப்போற் குடைந்தெடுக்கப்பட்டது. வாசிக்கும் தந்திகளின் கீழே, சித்தாரில் உள்ளனபோல், தாமே அதிர்ந்து சுருதி கூட்டும் தந்திகள் குறுக்காகக் கட்டப்பட்டன. கலைஞன் ஒருவன் பிறர் இசையை மதிக்கின்றானா என்பதற்குப் பேச்சு சான்றாகாது. அவன் தன் கருவியில் உளி வைக்கத் துணிந்தானா என்று பார்க்கவேண்டும்.

இதற்கு எட்டு ஆண்டு முன்னர், 1967 இல், பீற்றில்ஸ் குழுவினர் வெளியிட்ட 'சார்ஜன்ற் பெப்பர்' தட்டை வாசகர் அறிவர். இசைத்தட்டு என்பது பாட்டுக்களின் மூட்டையன்று, முழுமையான ஒரு நூல் என்னும் எண்ணத்தை ரொக் உலகில் நிலைநாட்டிய தட்டு அது. அதில் ஜோர்ஜ் ஹரிசன் இயற்றிய ஒரு பாட்டிலே சித்தாரும் தில்ருபாவும் தபேலாவும் தம்புராவும் ஒலிக்கின்றன. ஹரிசன் பண்டிதர் ரவிசங்கரிடம் பாடங்கேட்டவர். அவர் பக்தி உண்மையானது. ஆயினும் அது ஓர் ஆங்கிலப் பாட்டுக்கு இந்திய உடை உடுத்தியது என்றே என் செவி சொல்கின்றது. உடை அழகுதான். 'சக்தி'யில் உடைமாற்றம் இல்லை. வெள்ளைக்காரர் தமிழ்நாட்டுக் கணக்கிலே தாளம் போடுகின்றார். தமிழ்ப் பிள்ளை ஜாஸ் கலைஞன்போல் அந்தக் கணத்தில் தோன்றியதைப் பாய்ந்து பிடிக்கின்றான்.

தாளம் என்றேனல்லவா? இத்தட்டின் ஆழ்ந்த செல்வாக்கு அங்கேதான் இருக்கின்றது. மேனாட்டு ரொக் இசை நாலுக்கு நாலு என்று நடப்பது. நமது லய வித்துவான் எட்டு அட்சரத்துக்குள்ளே தகிட என்று மூன்றையும், தகதிமி என்று நாலையும், தகதகிட என்று ஐந்தையும் பொருத்திப் பொருத்திக் கோவை கட்டி, கேட்பவன் தாளத்தைத் தொலைத்துவிட்டுத் திகைக்கும் நேரத்தில், எடுப்புக்குச் சரியாக வந்து இறங்குவான். அந்த இறக்கத்தில் உள்ள இன்பத்தை நல்லூர்த் திருவிழாவிலே தவிற்சமா கேட்ட எவருக்கும் நான் விளக்கவேண்டியதில்லை. அமெரிக்க இளைஞனுக்கோ அது புத்தம்புதிய இன்பம். வாயினாற் சொற்கட்டுச் சொல்லும் கொன்னக்கோல், நம் நாட்டுக் கச்சேரிகளிலேயே அருகிவந்த கலை, மேனாட்டு மேளக்காரர் பலருக்கு இன்று அன்றாடப் பயிற்சியாகியுள்ளது. மக்லொக்லினும் விநாயகராமின் மைந்தர் செல்வகணேசும் சேர்ந்து அதனைக் கற்பிக்கும் காட்சித்தட்டு ஒன்றையே வெளியிட்டனர்.

கடத்தின் நிலையும் மாறியது. மிருதங்கத்துக்குப் பின்னே உபபக்கவாத்தியமாய், தனியாவர்த்தனத்தில் இரண்டு சுற்றுக் கிடைத்தாற் போதும் என்றிருந்த மட்பானை, உலக மேடையின் முன்வரிசைக்கு வந்தது. 1991 இல் ரொக் குழுவொன்றின் மேளக்காரர் மிக்கி ஹார்ட் 'பிளானற் டிரம்' என்னும் தட்டை ஆக்கியபோது சாகீர் உசேனையும் விநாயகராமையும் அழைத்தார். உலக இசைக்கென முதன்முதல் வழங்கப்பட்ட கிராமி விருது அத்தட்டுக்கே கிடைத்தது.

'சக்தி' குழு மேலும் இரண்டு தட்டுக்களை வெளியிட்டுவிட்டு 1978 அளவில் பிரிந்தது. மின்கித்தாரைக் கைவிட்ட மக்லொக்லின்பால் வாணிகர்க்கு ஆர்வமில்லை. நம்மவருள்ளும் இதனைச் சங்கீதமென ஒப்ப மறுத்தோர் உண்டு. சங்கர் ரொக் உலகத்துள்ளேயே மேலும் நடந்தார். 1979 இல் அவர் வெளியிட்ட தட்டைத் தயாரித்தவர் பிராங் சாப்பா. பின்னர் பத்துத் தந்திகளும் இரண்டு கழுத்துக்களும் உடைய இரட்டை வயலின் ஒன்றைத் தாமே வகுத்துச் செய்வித்தார். பெருவயலினின் அடித்தொண்டை முதல் சிறுவயலினின் உச்சிவரை அதில் எட்டும். 1989 இல் பீற்றர் கேப்ரியல் ஆக்கிய 'பேஷன்' என்னும் தட்டிலும் அவர் வில் ஒலிக்கின்றது. வயலின் பக்கவாத்தியமாக இருக்கக்கூடாது என்ற யாழ்ப்பாணத்து ஆசிரியரின் எண்ணம் எங்கெல்லாம் போய்ச் சேர்ந்தது பாருங்கள்.

1997 இல் மக்லொக்லினும் சாகீரும் மீண்டும் கூடினர். பின்னர் மண்டலின் யூ. ஸ்ரீநிவாசும் சேர்ந்தார். அவர் 2014 இல், நாற்பத்தைந்து வயதிலே மறைந்தது பேரிழப்பு. 2023 இல் 'திஸ் மோமன்ற்' என்னும் தட்டு வந்தது. முன்னைய கலையகத் தட்டுக்குப் பின் நாற்பத்தாறு ஆண்டு இடைவெளி! அதிலே சங்கர் மகாதேவனின் குரலும், கணேஷ் ராஜகோபாலனின் வயலினும், செல்வகணேசின் கஞ்சிராவும் உள்ளன. 2024 பெப்ரவரியில் அதற்குக் கிராமி விருது கிடைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 15 இல் சாகீர் உசேன் காலமானார்.

இவ்வளவும் உலகில் நடந்துகொண்டிருக்கையில் நாம் எங்கே இருந்தோம்? 1990 களில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை, பற்றரிக்குத் தடை. புத்தூரில் எங்கள் வீட்டிலும், ஊரிற் பல வீடுகளிற்போலவே, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோவில் பிறக்கும் மின்சாரத்தால் கசெற் பெட்டியைப் பாடவைத்தோம். சுற்றும் கை தளர்ந்தாற் பாடுபவரின் சுருதியும் இறங்கும். கமகத்துக்கும் கைச்சோர்வுக்கும் வேறுபாடு தெரியாத சங்கீதம் அது! 'சக்தி'யை நான் கேட்டது அதற்குப் பல ஆண்டுகளின் பின், பல்கலைக்கழக நாட்களில். கனடாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற குறுந்தட்டிலே. உறையைத் திருப்பி வாசித்தபோதும் சங்கர் என்ற பெயர் எனக்கு எவ்வூர்ச் செய்தியையும் சொல்லவில்லை. பிறகுதான் அறிந்தேன்.

சென்ற ஆண்டு, மாலை வகுப்பு முடிந்தபின் என் மாணவர் சிலருக்கு 'ஜோய்' உருப்படியைப் போட்டுக் காட்டினேன். அவர்களுள் ஒருவன் தவிற்காரர் வீட்டுப் பிள்ளை. மற்றவர்கள் வேகத்தைக் கண்டு வியந்திருக்க, அவன் மட்டும் தொடையிலே தாளம் போட்டுக்கொண்டிருந்தான். ஓரிடத்தில் அவன் கை தடுமாறியது. சிரித்துவிட்டு மீண்டும் பிடித்தான். முடிந்ததும், "சேர், இந்த வெள்ளைக்காரர் எண்ணித்தான் வாசிக்கிறார். எழுந்தமானத்துக்கு வாசிக்கேல்லை" என்றான். பண்டிதர் பலர் பக்கம் பக்கமாக எழுதிய விமரிசனத்தை அவன் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்து அவன் கேட்ட கேள்விக்குத்தான் என்னிடம் விடையில்லை: "ஏன் சேர், இதிலை தவில் இல்லை?"

நியாயமான கேள்வி. யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி என்ற பெயர் தமிழ்நாட்டுத் தவிலுலகிலும் எத்தகைய மதிப்புடன் சொல்லப்பட்டது என்பதை மூத்தோர் அறிவர். அந்த மேதை மறைந்ததும் அதே 1975 ஆம் ஆண்டிலேதான். அவருடைய விரற்சொல்லும் சாகீரின் விரற்சொல்லும் ஒரு மேடையில் எதிரெதிரே நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பதற்கு எந்தத் தட்டும் வேண்டியதில்லை.

கலப்பிசை என்ற பெயரில் இன்று வருவனவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கீர்த்தனையை எடுத்து, அதன் கீழே மேளப்பெட்டியை முடுக்கிவிட்டு, நடுவிலே கித்தார் நாலு முறை அலறினால் அது கலப்பிசை என்றாகிவிட்டது. பாயசத்தில் மிளகாய்த்தூள் தூவினால் புதுப் பலகாரமாகுமோ? இவற்றுக்கும் 'சக்தி'யே வழிகாட்டி என்று பழிசொல்வார் உளர். ஒரு கலைஞன் வீணைப் பாடத்தை முதலிலிருந்து கற்று, தன் கித்தாரையும் குடைந்துகொண்டு வந்த பிறகு செய்த காரியத்தை, ஒருநாள் ஒத்திகையில் செய்யப் புகுவோருடைய பிழைக்கு அத்தட்டு எவ்வாறு பொறுப்பாகும்?

கேட்க விரும்பும் குடும்பத்தாருக்கு ஒரு முறை சொல்கின்றேன். முதலாவதிலிருந்து தொடங்கவேண்டாம்; அந்த வேகம் வீட்டிலுள்ள முதியோரை விரட்டிவிடும். இரண்டாவதாகிய 'லோட்டஸ் ஃபீற்' உருப்படியை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விளக்கைத் தணித்துக் கேளுங்கள். மறுநாள் 'ஜோய்'. பிள்ளைகளைத் தாளம் போடச் சொல்லுங்கள். தொலைத்தாற் குற்றமில்லை, மீண்டும் பிடிக்கட்டும். இருபத்தொன்பது நிமிட உருப்படியை விடுமுறை நாளொன்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதில் வயலின் தனித்துப் பேசும் பகுதி வரும்போது மட்டும், அடுக்களையில் இருப்பவரையும் கூப்பிட்டு இருத்துங்கள். அந்தக் கை இங்கே பழகியது என்று சொல்லுங்கள்.